லீனா ஹார்ன்: ஒரே மேடையில் ஒரே பாட்டை ஏன் இரண்டு தடவை பாடினார்?

மழைக்குருவி | சனி, இரவு 9:12

ஜாஸ் பக்கம் நான் புதுசு. தப்பா கேட்டா திட்டாதீங்க.

போன வாரம் மாவு அரைச்சுக்கிட்டே ஒரு பழைய மேடைப் பதிவு கேட்டேன். 1981இல் நியூயார்க் பிராட்வேயில் லீனா ஹார்ன் தனி ஆளா நடத்தின நிகழ்ச்சி, "தி லேடி அண்ட் ஹெர் மியூசிக்". அதுல "ஸ்டார்மி வெதர்" வருது. காதலன் போயிட்டான், மழை விட்டபாடில்லைன்னு புலம்புற பாட்டு. வழுவழுன்னு பாடி முடிச்சாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, நிகழ்ச்சி முடியப் போற சமயத்துல அதே பாட்டு மறுபடியும் வருது. ஆப்தான் குழம்பிப் போய் திரும்பப் போடுதோன்னு கையைத் துடைச்சுட்டு வந்து பார்த்தேன். இல்ல, முதல் பாகம், இரண்டாம் பாகம்னு ரெண்டு தனி டிராக்.

ரெண்டாவது தடவை பாடுறது வேற பொம்பளை மாதிரி இருக்கு. அடிவயித்துலேர்ந்து வருது. நடுவுல உறுமுறாங்க. கிரைண்டரை நிறுத்திட்டு உட்கார்ந்துட்டேன்.

இது என்ன கதை? இவங்க பாடகியா, நடிகையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலாம்வரிசை | சனி, இரவு 9:40

பேரழகி. குரல் சுமார். ஹாலிவுட் தூக்கிவிட்ட ஆள். அவ்வளவுதான் கதை.

ரீல்பெட்டி | சனி, இரவு 10:25

நாலாம்வரிசை தம்பி வழக்கம்போல ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். ஹாலிவுட் தூக்கிவிட்டதா, தூக்கி ஒரு ஓரமாக வைத்ததா என்று கேட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

மழைக்குருவி, நீங்கள் கேட்ட அந்த இரண்டு தடவைக்கும் பதில் 1942இல் இருக்கிறது. அந்த வருடம் எம்ஜிஎம் என்ற சினிமா நிறுவனம் லீனாவை ஏழு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. வயது 25. ஒப்பந்தப் பேச்சுக்கு அவருடைய அப்பா டெடி ஹார்ன் நேரில் வந்திருக்கிறார், நல்ல கோட் சூட்டில். கறுப்பினப் பெண்களுக்கு அன்றைய சினிமாவில் இருந்தது வேலைக்காரி வேடம், இல்லையென்றால் காட்டுவாசி வேடம். "என் மகளுக்கு வேலைக்காரி வைக்க என்னாலேயே முடியும், அவள் எதற்கு வேலைக்காரியாக நடிக்க வேண்டும்?" என்ற பொருளில் ஸ்டுடியோ தலைவர் லூயிஸ் பி. மேயரிடமே கேட்டார் என்று லீனா பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் செயலாளர் வால்டர் வைட்டும் பின்னால் நின்றார். ஆக, வேலைக்காரி வேடம் இல்லை என்பது முடிவானது.

ஆனால் வேறு என்ன வேடம் கொடுப்பது? அங்கேதான் ஸ்டுடியோ ஒரு வழி கண்டுபிடித்தது. அழகான உடை, ஒரு தூண், அதில் சாய்ந்தபடி லீனா. ஒரு பாட்டு. படத்தின் கதையில் இருக்கும் யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது. பாட்டு முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். "பனாமா ஹாட்டி", "தௌசண்ட்ஸ் சியர்" இரண்டும் இப்படித்தான்.

காரணம் எளிது. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் தியேட்டர்களில் ஓட்டும்போது அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்து எடுத்துவிடலாம், கதை அறுபடாது. இது வெறும் பேச்சு இல்லை. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைத் தலைவராக இருந்த லாயிட் பின்ஃபோர்ட், "ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்" படத்திலிருந்து லீனாவின் காட்சியை வெட்டியே விட்டார். நான் ஃபிலிம் சொசைட்டியில் பிரிண்ட் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் இதைப் படித்துவிட்டு, அந்தப் பாட்டுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உள்ளே நுழையும் ஷாட், வெளியேறும் ஷாட் இரண்டும் பாவாடைக்கு நாடா கோர்த்த மாதிரி இருக்கும். இழுத்தால் வந்துவிடும்.

அரைக்கட்டை | சனி, இரவு 11:03

படத்தைப் பத்தி ரீல்பெட்டி சார் பேசட்டும், நான் குரலுக்கு வர்றேன். லைட் மியூசிக்ல இருபது வருஷம் கீபோர்டு வாசிச்சவன்ங்கிற உரிமையில சொல்றேன்: இந்த ஜாஸ் பகுதியில லீனாவைப் போட்டதே கொஞ்சம் தாராளம். ஜாஸ் பாடகின்னா எலா ஃபிட்ஸ்ஜெரால்டு மாதிரி ஸ்வரத்தை வச்சு விளையாடணும், பில்லி ஹாலிடே மாதிரி தாளத்துக்குப் பின்னாடி தொங்கிக்கிட்டே வரணும். நாற்பதுகள்ல லீனா ரெண்டும் செய்யல. சொல் சுத்தம், சுருதி சுத்தம், அவ்வளவுதான். தான் ஜாஸ் பாடகி இல்லைன்னு அவங்களே சொல்லிக்கிட்டவங்க.

ஆனா வளர்ந்த இடம் ஜாஸ்தான், அதை மறுக்க முடியாது. 1933இல் பதினாறு வயசுல ஹார்லெம் காட்டன் கிளப்ல கோரஸ் டான்ஸ். அப்புறம் நோபல் சிஸில் குழு. 1940 வாக்கில் சார்லி பார்னெட்டோட குழு. பார்னெட் வெள்ளைக்காரர், வாசிக்கிறவங்க பூரா வெள்ளைக்காரங்க. அந்தக் காலத்துல அந்த மேடையில ஒரு கறுப்புப் பொண்ணு பாடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பாட விடுவாங்க, அதே ஓட்டல்ல ரூம் கொடுக்க மாட்டாங்க. 1941இல் கஃபே சொசைட்டி. நியூயார்க்ல கறுப்பர், வெள்ளையர் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற மாதிரி நடந்த கிளப், பார்னி ஜோசஃப்சன் நடத்தினது. அங்க பியானோ யார் தெரியுமா? டெடி வில்சன்.

இன்னொண்ணு. "ஸ்டார்மி வெதர்" இவங்க பாட்டே இல்ல. ஹரால்டு ஆர்லன் மெட்டு, டெட் கோலர் வரிகள். 1933இல் காட்டன் கிளப்ல முதல்ல பாடினது எத்தல் வாட்டர்ஸ். அந்தப் பதிவைக் கேட்டுட்டு 1943 லீனாவைக் கேளுங்க. எத்தல் நனைஞ்சு நிக்கிறாங்க. லீனா ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு மழையை வேடிக்கை பார்க்கிறாங்க.

ரீல்பெட்டி | சனி, இரவு 11:20

உவமைக்குச் சொன்னீர்களோ என்னவோ, அந்தப் படத்தில் உண்மையிலேயே ஜன்னலோரம் நின்றுதான் பாடுகிறார்! "ஸ்டார்மி வெதர்", 1943. எம்ஜிஎம் அவரை ஃபாக்ஸ் ஸ்டுடியோவுக்கு இரவல் கொடுத்த படம். பாட்டின் நடுவே காமிரா ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். அங்கே மழையில் ஆடுவது கேத்ரின் டனமின் நடனக் குழு. லீனா மேல் ஒரு சொட்டு விழாது.

மழைக்குருவி | ஞாயிறு, காலை 7:50

காலையில எழுந்து பார்த்தா இவ்வளவு! நன்றி. பதினாறு வயசுல கிளப்ல டான்ஸ்னு சொல்றீங்களே, வீட்ல யாரும் கேக்கலையா?

வேலிப்பருத்தி | ஞாயிறு, காலை 9:15

கேட்பதற்குப் பாட்டி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அந்தக் குடும்பமே ஒரு தனிக் கதை. லீனா பிறந்தது 1917 ஜூன் 30, புரூக்ளின். கறுப்பினத்தில் படித்த, நடுத்தர வர்க்கக் குடும்பம். பாட்டி கோரா பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், என்ஏஏசிபியில் ஆரம்பகால உறுப்பினர். பேத்தியையும் கைக்குழந்தையாகவே சேர்த்துவிட்டார். 1919 அக்டோபரில் அந்த அமைப்பின் கிளைச் செய்தித்தாள் அட்டையில் ரோஜாப் பூ ஏந்தி நிற்கிறது இரண்டு வயது லீனா.

அப்பா டெடி சூதாட்டக்காரர். லீனாவுக்கு மூன்று வயது இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். எம்ஜிஎம் அலுவலகத்துக்கு கோட் சூட் மாட்டி வந்தது இவரேதான். அம்மா எட்னாவுக்கு நாடகத்தில் நடிக்க ஆசை. ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களோடு அலைந்தார். சில சமயம் மகளைக் கூட்டிப்போவார், சில சமயம் தெற்கில் யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போவார். நிறம் வெளுப்பாக இருப்பதற்காக மற்றக் குழந்தைகள் கேலி செய்ததை லீனா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கமும் சேர்க்கவில்லை, அந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

பிறகு பொருளாதார வீழ்ச்சி. வீட்டில் காசு இல்லை. காட்டன் கிளப்புக்குக் கொண்டுபோய் விட்டது அம்மாதான். மேடையில் ஆடுகிறவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர், மேசையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் எல்லோரும் வெள்ளையர். ஆடுகிறவர்களின் வீட்டார் வாடிக்கையாளர்களாக உள்ளே நுழைய முடியாது.

நாலாம்வரிசை | ஞாயிறு, காலை 10:02

சரி, கஷ்டப்பட்டாங்க. யார்தான் படல? தூண்ல சாஞ்சு நின்னு ஒரு பாட்டு பாடினா எம்ஜிஎம் சம்பளம். அந்தக் காலத்துல வேலைக்காரியா நடிச்சவங்களுக்கு இது கிடைச்சுதா?

ரீல்பெட்டி | ஞாயிறு, காலை 11:30

நியாயமான கேள்வி, தம்பி. இதையே அன்றைக்கு ஹாலிவுட்டில் இருந்த கறுப்பின நடிகர்களும் கேட்டார்கள். லீனா "வேலைக்காரியாக நடிக்க மாட்டேன்" என்றதும், "எங்கள் பிழைப்பில் மண் விழுமே" என்று அவர்களில் பலருக்குக் கோபம். கூட்டம் போட்டே கண்டித்தார்கள். அந்த நேரத்தில் லீனாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பேசியவர் யார் என்றால், ஹாட்டி மெக்டேனியல். வேலைக்காரி வேடத்துக்காகவே ஆஸ்கர் வாங்கியவர். நான் இப்படித்தான் என் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன், நீ உன் வழியில் போ என்று தைரியம் சொல்லி அனுப்பினாராம்.

அப்புறம், தூணில் சாய்வது சுகமான வேலை என்று நினைக்காதீர்கள். தன்னை வேலைக்காரியாக்கவில்லை, வேறு எதுவாகவும் ஆக்கவும் இல்லை, தூணில் குத்திவைத்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருந்தேன் என்று அவரே சொன்னார்.

ஒப்பனைக் கதையைக் கேளுங்கள். காமிராவில் லீனா வெள்ளைக்காரி மாதிரி தெரிகிறார் என்று, மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனத்தை வைத்து அவருக்கென்றே ஒரு பூச்சு தயாரித்தார்கள். பெயர் "லைட் ஈஜிப்ஷியன்". அந்தப் பூச்சு பிறகு எங்கே போனது? வெள்ளை நடிகைகள் கலப்பின வேடம் போடும்போது அவர்கள் முகத்துக்கு!

"ஷோ போட்" நாடகத்தில் ஜூலி என்று ஒரு பாத்திரம். கலப்பினப் பெண், அதை மறைத்து வெள்ளைக்காரரோடு வாழ்பவள். 1946இல் வந்த "டில் தி கிளவுட்ஸ் ரோல் பை" படத்தில் அந்த நாடகத்தின் ஒரு துண்டு வரும், அதில் ஜூலியாகப் பாடியது லீனா. ஆனால் 1951இல் எம்ஜிஎம் அதை முழுப் படமாக எடுத்தபோது ஜூலி யார்? ஆவா கார்ட்னர். இனம் கலந்த காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று தயாரிப்பு விதியே இருந்தது. வெள்ளை நடிகைக்கு மையைப் பூசினால் விதி மீறவில்லை, நிஜக் கறுப்பினப் பெண்ணை நிறுத்தினால் மீறல். ஆவா லீனாவின் இசைத்தட்டைப் போட்டுத்தான் பாடிப் பழகினார். கடைசியில் ஆவாவின் குரலையும் எடுத்துவிட்டு ஆனெட் வாரன் என்பவரை வைத்துப் பாட வைத்தார்கள். படம் பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள், அந்த ஒரு பாத்திரத்துக்குள் எத்தனை பேர்.

ஆவா மேல் லீனாவுக்கு வருத்தம் இல்லை. நல்ல தோழிகள்.

தகரடப்பா | ஞாயிறு, மதியம் 12:10

எம்ஜிஎம் ஒப்பந்தம் போட்ட முதல் கறுப்பின நடிகை லீனான்னு எங்க பார்த்தாலும் எழுதுறாங்களே, சரியா?

ரீல்பெட்டி | ஞாயிறு, மதியம் 12:31

தவறு. 1929இல் "ஹாலேலூயா" படத்தில் நடித்த நீனா மே மெக்கின்னிக்கு அப்போதே எம்ஜிஎம் ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். லீனா அளவுக்கு விளம்பரம் செய்து வளர்க்கப்பட்டவர் அதற்கு முன் இல்லை, அது உண்மை.

வேலிப்பருத்தி | ஞாயிறு, மாலை 4:45

சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சம்பவம். போர்க்காலத்தில் படைவீரர்களுக்காகப் பாடப் போனார் லீனா. கறுப்பின வீரர்கள் தங்கள் லாக்கரில் ஒட்டிவைத்த படம் அவருடையதுதான், வேறு யார் படத்தை ஒட்டுவது? ஆர்க்கன்ஸா மாநிலத்தில் கேம்ப் ராபின்சன். முதலில் வெள்ளை அதிகாரிகளுக்கு நிகழ்ச்சி. கறுப்பின வீரர்களுக்குத் தனியாக இன்னொன்று. அந்த இரண்டாவது நிகழ்ச்சியில் மேடை ஏறிப் பார்த்தால் முன்வரிசையில் வெள்ளை முகங்கள். யார் என்று கேட்டிருக்கிறார். ஜெர்மன் போர்க்கைதிகள்.

எதிரி நாட்டுக் கைதி முன்னால் உட்காரலாம், தன் நாட்டு வீரன் கறுப்பு என்பதால் பின்னால் உட்கார வேண்டும். லீனா மேடையை விட்டு இறங்கி, கைதிகளைக் கடந்து, கறுப்பின வீரர்கள் இருந்த இடத்துக்கு நடந்து போனார். கைதிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீரர்களைப் பார்த்துப் பாடினார். அதற்குப் பிறகு சொந்தக் காசைச் செலவழித்து முகாம்களுக்குப் போய்ப் பாடினார்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் என்று அரைக்கட்டை சொன்னதற்கு இது பதில்.

அரைக்கட்டை | ஞாயிறு, மாலை 5:20

நான் குரலைச் சொன்னேன், ஆளைச் சொல்லல அண்ணே. சம்பவம் பெருசு. பாட்டு வேற.

புரூக்ளின்குடி | ஞாயிறு, இரவு 8:05

நான் இருக்கறது அவங்க பிறந்த ஏரியாவுக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி, அதனால கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கறேன்.

கல்யாணத்தை யாரும் சொல்லலையே. முதல் கல்யாணம் 1937, பிட்ஸ்பர்க்ல லூயி ஜோன்ஸ். ஒரு பொண்ணு கெயில், ஒரு பையன் டெடி. ஒத்து வரல. பிரிஞ்சப்போ பொண்ணு அம்மாகிட்ட, பையன் அப்பாகிட்ட. ரெண்டாவது லென்னி ஹேட்டன், எம்ஜிஎம் இசைப் பிரிவுல இருந்த வெள்ளைக்காரர். 1947 டிசம்பர்ல பாரிஸுக்குப் போய்க் கல்யாணம் பண்ணாங்க. ஏன் பாரிஸ்? கலிஃபோர்னியாவில இனம் விட்டு இனம் கல்யாணம் அப்போ சட்டப்படி செல்லாது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளினது 1948இல்தான். கல்யாணம் பண்ணியும் 1950 வரைக்கும் வெளியில சொல்லல.

முன்னேற உதவியா இருக்கும்னுதான் முதல்ல அவரைக் கட்டிக்கிட்டேன், ஒரு கறுப்பின மேனேஜரால நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் அவரால என்னைக் கூட்டிப்போக முடிஞ்சுது, அப்புறம்தான் நேசிக்கக் கத்துக்கிட்டேன்னு அவங்களே பிற்பாடு ஒத்துக்கிட்டாங்க. இப்படி வெளிப்படையா எத்தனை பேர் சொல்லுவாங்க?

ஹாலிவுட்ல குடியிருந்த தெருவுல, இவங்களைக் காலி பண்ண வைக்கணும்னு அக்கம்பக்கத்துல கையெழுத்து வாங்கினாங்களாம். எதிர் வீட்டுக்காரர் அவங்களைத் திட்டித் துரத்திட்டாராம். எதிர் வீட்டுக்காரர் பேரு ஹம்ஃப்ரி போகார்ட், ஹாலிவுட் ஹீரோ.

நாலாம்வரிசை | ஞாயிறு, இரவு 8:31

எல்லாரும் சிலைக்கு மாலை போடுறீங்க. 1950இல் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்னு "ரெட் சானல்ஸ்" பட்டியல்ல பேர் வந்ததும் என்ன பண்ணாங்க? 1953இல் சினிமாத் தொழிலாளர் யூனியன் தலைவர் ராய் ப்ரூவருக்கு லெட்டர் எழுதி, எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு கையைக் கழுவினாங்க. பாடகர் பால் ராப்சன் மாதிரி நிக்கல. இதையும் எழுதுங்க.

வேலிப்பருத்தி | ஞாயிறு, இரவு 9:10

எழுதலாம், மறைக்க ஒன்றுமில்லை. கடிதம் எழுதியது உண்மை. ராப்சன் அவருக்கு வழிகாட்டி மாதிரி இருந்தவர் என்பதால் படிக்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ராப்சனுக்கு என்ன நடந்தது? பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், மேடைகள் மூடின, வருமானம் போயிற்று. லீனாவுக்கும் டிவி, ரேடியோ, சினிமா மூன்றும் அடைபட்டிருந்தன. வளர்க்க வேண்டிய பிள்ளை. நான் அந்த இடத்தில் இருந்தால் ராப்சனாக இருந்திருப்பேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

நாலாம்வரிசை | ஞாயிறு, இரவு 9:14

முடியாது. ஆனா என்னை யாரும் போராளின்னு சொல்றதில்லையே.

அரைக்கட்டை | ஞாயிறு, இரவு 10:40

சண்டை சூடாகுறதுக்கு முன்னாடி பாட்டுக்கு வருவோம். இந்த அடைபட்ட காலத்துலதான் விஷயமே இருக்கு.

சினிமா போச்சா, நைட்கிளப். லாஸ் வேகாஸ், நியூயார்க், லண்டன், பாரிஸ். 1957இல் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல்ல பாடினதை ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனி நேரடியாப் பதிவு பண்ணி வெளியிட்டுது. அந்தக் கம்பெனிக்கு அதுவரைக்கும் எந்தப் பாடகியோட ஆல்பமும் அந்த அளவுக்கு விக்கலையாம். நேத்து ராத்திரி இந்த இழைக்காகவே எடுத்துக் கேட்டேன். நான் முதல்ல எழுதினதுல பாதியைத் திரும்ப வாங்கிக்கறேன்.

சொல்லைக் கடிச்சுத் துப்புறாங்க. ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெறிக்குது. காதல் பாட்டையே மிரட்டுற மாதிரி பாடுறாங்க. சிரிப்பு இருக்கு, ஆனா அது பல்லோட நிக்குது. முன்னால உட்கார்ந்திருக்கிறது பூரா பணக்கார வெள்ளைக்காரங்க. பார்க்கலாம், தொட முடியாதுன்னு அவங்களுக்குச் சொல்ற குரல் அது. நான் உணர்ச்சி இல்லைன்னு நினைச்சது உணர்ச்சியைப் பூட்டி வச்சதுன்னு இப்போ தோணுது. தூண்ல சாய்ச்சுத் தனியா நிறுத்தினாங்கல்ல, அந்தத் தனிமையையே வேலியாக்கிக்கிட்டாங்க.

இதுல பில்லி ஸ்ட்ரேஹார்னோட பங்கு பெருசு. ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனோட வலது கை, "டேக் தி ஏ டிரெய்ன்" போட்டவர். 1941இல் லாஸ் ஏஞ்சலீஸ்ல பழக்கமானாங்க. உட்கார வச்சுப் பாட்டு சொல்லிக் கொடுத்தவர். அவர் ஆண்களை நேசிச்சவர், அதை மறைக்காம வாழ்ந்தவர். வாழ்க்கையில தான் உண்மையா நேசிச்ச ஒரே ஆம்பளை பில்லிதான்னு லீனா சொல்லியிருக்காங்க. 1967இல் புற்றுநோய்ல போயிட்டார்.

புரூக்ளின்குடி | திங்கள், காலை 6:30

1957இல் பிராட்வேயில "ஜமைக்கா"ன்னு ஒரு மியூசிக்கல், ஐந்நூறு தடவைக்கு மேல ஓடிச்சு. மெட்டு அதே ஹரால்டு ஆர்லன். மியூசிக்கல்ல சிறந்த நடிகைக்கான டோனிங்கிற நாடக விருதுக்குப் பரிந்துரையான முதல் கறுப்பினப் பெண் லீனா.

1960இல் பெவர்லி ஹில்ஸ்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல ஒருத்தன் குடிச்சுட்டு இனத்தைச் சொல்லிக் கேவலமாப் பேச, மேஜையில இருந்த ஆஷ்ட்ரே, விளக்குன்னு கையில கிடைச்சதையெல்லாம் எடுத்து வீசினாங்க. அந்த ஆளோட நெத்தி கிழிஞ்சுது. பேப்பர்ல வந்ததும் நாடு பூரா கறுப்பின மக்கள்கிட்டேர்ந்து பாராட்டுத் தந்தி. தான் இவ்வளவு நாள் எவ்வளவு தள்ளி இருந்தோம்னு அப்போதான் தெரிஞ்சுதாம்.

வேலிப்பருத்தி | திங்கள், காலை 8:20

அங்கிருந்து 1963க்கு ஒரு எட்டுத்தான். மே 24, நியூயார்க்கில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியைச் சந்தித்த குழுவில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், ஹாரி பெலஃபான்டே, லொரெய்ன் ஹான்ஸ்பெரியோடு லீனாவும் இருந்தார். ஜூனில் மிசிசிப்பி, ஜாக்சன் நகரத்துக் கூட்டத்தில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸோடு ஒரே மேடை. சில நாளில், ஜூன் 12 அன்று, எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. மைக்கைப் பிடித்து ஒரே ஒரு சொல்: "ஃப்ரீடம்!" அதை அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அரைக்கட்டை கேட்க வேண்டும்.

அதே வருடம் "நவ்!" என்று ஒரு பாட்டுப் பதிவு செய்தார். யூதர்களின் "ஹாவா நகீலா" மெட்டில் குடிமை உரிமைக் கோரிக்கை. 1965இல் கியூபாவின் சான்டியாகோ ஆல்வாரஸ் அந்தப் பாட்டை அப்படியே ஓடவிட்டு, அதன் மேல் போலீஸ் அடிதடிப் புகைப்படங்களை வெட்டி வெட்டிச் சேர்த்து ஆறு நிமிடக் குறும்படம் எடுத்தார். ஹாலிவுட்டில் படத்திலிருந்து பாட்டை வெட்டினார்கள். இங்கே பாட்டுக்காகப் படம் வெட்டப்பட்டது.

தகரடப்பா | திங்கள், மதியம் 1:15

சும்மா ஒரு துணுக்கு: 1969இல் "டெத் ஆஃப் எ கன்ஃபைட்டர்"னு ஒரு கௌபாய் படம். ஊர்க் காவல் மார்ஷலா வர்ற ரிச்சர்ட் விட்மார்க்குக்கு ஜோடி லீனா. ரெண்டு டைரக்டர் மாறி, ரெண்டு பேருமே பேர் போட மாட்டேன்னு சொல்ல, "ஆலன் ஸ்மிதி"ன்னு இல்லாத ஆள் பேரைப் போட்டாங்க. அந்தப் புகழ்பெற்ற பொய்ப் பெயர் முதல்ல வந்த படம் இதுதான். படம் முழுக்க லீனாவோட நிறத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

மழைக்குருவி | திங்கள், இரவு 9:30

எல்லாம் படிச்சுட்டேன். இன்னும் 1981க்கு வரலையே!

அரைக்கட்டை | திங்கள், இரவு 10:50

வர்றேன், வர்றேன்.

1970இலும் 71இலும் அடுத்தடுத்து மூணு சாவு. அப்பா, மகன் டெடி, புருஷன் லென்னி. மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. பிரிஞ்சே வளர்ந்த பையன். கொஞ்ச காலம் லீனா யாரையும் பார்க்கல. அப்புறம் மெதுவா மேடைக்கு வந்தாங்க. 1978இல் "தி விஸ்" படத்துல நல்ல சூனியக்காரி கிளிண்டா, டைரக்டர் சிட்னி லூமெட் அவங்க மருமகன். 1980இல் விடைபெறும் சுற்றுப்பயணம்னு அறிவிச்சு ஊர் ஊராப் பாடினாங்க. விடைபெற்ற லட்சணம், அடுத்த வருஷம் மே 12, நெடர்லாண்டர் தியேட்டர்ல தனி நிகழ்ச்சி ஆரம்பம். மொத்தம் 333 தடவை. முடிச்சது 1982 ஜூன் 30, அவங்க 65ஆவது பிறந்தநாள் அன்னைக்கு. சிறப்பு டோனி விருது, ஆல்பத்துக்கு கிராமி. ஆல்பம் தயாரிச்சது குயின்சி ஜோன்ஸ்.

பாட்டுக்கு நடுவுல கதை சொல்றாங்க. காட்டன் கிளப், எம்ஜிஎம், அந்த ஒப்பனைப் பூச்சு எல்லாத்தையும் கிண்டல் பண்றாங்க. அதனாலதான் முதல் "ஸ்டார்மி வெதர்" அந்த இடத்துல வருது. அது 1943 படத்துல பாடின மாதிரியே அழகா, அடக்கமா. ஹாலிவுட் கேட்ட லீனா.

அப்புறம் வாழ்க்கைக் கதை முழுக்க ஓடுது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி இரண்டாம் பாகம். ஹெட்போன் போட்டுக் கேளுங்க. "டோன்ட் நோ வொய்"ன்னு முதல் அடியை எடுக்கும்போதே வேகம் இல்ல, கனம் இருக்கு. சுருதியைக் கீழேர்ந்து தேச்சுக்கிட்டே மேல வர்றாங்க. எத்தல் வாட்டர்ஸோட தரையில நிக்குற குரல் அது. மழை விடலைன்னு சொல்ற வரிக்கு வரும்போது அழகு காட்டுற எண்ணமே போயிடுது, தொண்டை கரகரக்குது, அதை மறைக்கல. சபை பாட்டு முடியுறதுக்குள்ளயே கத்துது.

64 வயசை நெருங்கினவங்க. நான் தேடின ஜாஸ் பாடகி இங்க இருந்தாங்க, நான்தான் தப்பான வருஷத்துல தேடிட்டேன். 1994இல் ஸ்ட்ரேஹார்ன் நினைவா "வீ'ல் பி டுகெதர் அகெய்ன்"னு ஒரு ஆல்பம் பாடினாங்க. அடுத்ததா வந்த மேடைப் பதிவுக்கு ஜாஸ் குரலுக்கான கிராமி. அப்போ வயசு 78.

புரூக்ளின்குடி | செவ்வாய், காலை 6:10

2010 மே 9 அன்னைக்கு மன்ஹாட்டன்ல காலமானாங்க, 92 வயசு. 2022 நவம்பர்ல 47ஆவது தெருவுல இருந்த ப்ரூக்ஸ் அட்கின்சன் தியேட்டருக்கு லீனா ஹார்ன் பேரை வச்சாங்க. பிராட்வேயில கறுப்பினப் பெண் பேர்ல இருக்கிற முதல் தியேட்டர். ஆபீஸ் விட்டு வரும்போது அந்தப் பக்கமா நடக்கிறதுண்டு. போன வாரம் மழை, பலகைக்குக் கீழ ஒதுங்கி நின்னேன். பக்கத்துல குடை விக்கிறவர் பத்து டாலர்னார். பேரம் பேசி எட்டுக்கு வாங்கினேன்.

நாலாம்வரிசை | செவ்வாய், காலை 9:45

ரெண்டு பாகமும் கேட்டேன். எனக்கு இன்னமும் முதல் பாகம்தான் பிடிச்சிருக்கு. அழகா இருக்கு.

மழைக்குருவி | செவ்வாய், காலை 9:58

எம்ஜிஎம்முக்கும் அதேதான் பிடிச்சுது. :) அன்னைக்கு பாதியில நிறுத்தின மாவு புளிச்சே போச்சு, மூணு நாளா வீட்ல ஊத்தப்பம்தான். ரீல்பெட்டி சார், அந்த ஜன்னல் காட்சியைப் பார்க்கணும், படம் எங்க கிடைக்கும்?

ரீல்பெட்டி | செவ்வாய், காலை 11:05

என்னிடம் டிவிடி இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நிக்கலஸ் சகோதரர்கள் படிக்கட்டில் தாவி ஆடும் கடைசி நடனத்தை மட்டும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.